உவர்க்கிணறும் முறைக்காய்ச்சலும்: தீவகப் போர்க்காலத்தில் படைவீரனின் உடல்

போர் வரலாறு பெரும்பாலும் மோதல் நடந்த நாள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த முகாம் எந்நாளில் வீழ்ந்தது, எந்தத் தளபதி எங்கே மாண்டார், எத்தனை ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன என்பவை ஏட்டில் ஏறுகின்றன. அவற்றுக்கு இடையே கிடந்த நூற்றுக்கணக்கான நாள்களில் ஒரு படைவீரன் எந்தக் கிணற்றில் நீர் அள்ளினான், எங்கே படுத்தான், எந்தக் காய்ச்சலில் கிடந்தான், விடுப்புக்காக எத்தனை கிழமை காத்திருந்தான் என்பவை ஏறுவதில்லை. 2009 மே மாதத்தில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, 2006 ஆகஸ்டில் தொடங்கிய இறுதிக் கட்டப் போரில் மட்டும் 6,261 படையினர் இறந்தனர், 29,551 பேர் காயமுற்றனர். நோயுற்றோருக்கு அந்த அறிவிப்பில் ஓர் எண்ணும் இல்லை. அந்த விடுபட்ட எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வாழ்வை, யாழ்ப்பாணத்துத் தீவகத்தை, சிறப்பாக எழுவைதீவைக் களமாகக் கொண்டு நோக்குவதே இவ்வுரையின் பொருள்.

படைவீரன் என்னும் சொல் இங்கு மூவகையினரைக் குறிக்கிறது: தென்னிலங்கையின் கிராமங்களிலிருந்து வந்த தரைப்படைச் சிப்பாய், தீவுகளின் கரையோரங்களில் நிலைகொண்ட கடற்படைச் சிப்பாய், தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘பொடியள்’ என்றும் எழுத்துவழக்கில் போராளி என்றும் சுட்டப்பட்ட, ஆயுதமேந்திய தமிழ் இயக்கத்து இளைஞர். மூவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். அந்த உறுத்தல் நியாயமானதே. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதையும், 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணையில் மடிந்ததையும் நெஞ்சில் தாங்கியிருக்கும் ஒரு சமூகத்திடம் சீருடை அணிந்தவனின் காய்ச்சலைப் பற்றிப் பேசுவது எளிய செயல் அன்று. அவனுடைய காய்ச்சல் அந்தக் கொலைகளின் பாரத்தை ஓர் இம்மியளவும் குறைக்காது. ஆயினும் அவன் குடித்த நீரும் அவனைக் கடித்த நுளம்பும் ஊர்மக்களின் நீரும் ஊர்மக்களின் நுளம்புமாகவே இருந்தமையால், அவனுடைய உடலின் வரலாற்றை விலக்கிவிட்டுத் தீவக மக்களின் நல்வாழ்வு வரலாற்றை எழுதிவிட இயலாது.

எழுவைதீவு, ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து படகேறிச் சென்றடைய வேண்டிய, பனையும் மணலும் சூழ்ந்த மிகச் சிறிய தீவு. தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகர்களின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர், அனலைதீவை ரொட்டர்டாம் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்தது போல இதனை ஹோர்ன் என்று அழைத்தனர். தீவகத்தின் பெரும்பகுதி 1990 ஆகஸ்டுக்கும் 1991 இறுதிக்கும் இடையே அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதியோ 1995 இறுதிவரை விடுதலைப் புலிகளின் வசமே இருந்தது. இதனால் ஒரு மாவட்டத்தின் நடுவே கடலே போர்முனையாகி, தீவுகள் ஒருபுறமும் குடாநாடு மறுபுறமுமாகப் பிரிந்து நின்றன. இளையோரும் இயன்றோரும் குடாநாட்டுக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் பெயர்ந்துவிட, முதியோரும் போக்கிடம் அற்றோரும் எஞ்சிய ஊர்களில் படையினர் வந்து தங்கினர். அவர்களை முதலில் எதிர்கொண்டது தண்ணீர்ப் பிரச்சினை.

ஆறும் குளமும் அற்ற சிறு தீவில் மழைநீர் மணலின் வழியே கசிந்து, கீழேயுள்ள சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் தங்கி, கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் கண்ணாடி வில்லையைப் போல அமைவதால் இதனை நன்னீர் வில்லை என்பர். இதன் இயல்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியப் பொறியியலாளர்களான கைபனும் ஹெர்ஸ்பேர்க்கும் வகுத்துக் காட்டினர்: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். இக்கணக்கு தலைகீழாகவும் செல்லும் என்பதே தீவுவாசிக்கு முக்கியமானது. மேல்மட்டம் ஓர் அடி இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி வரை மேலே ஏறிவிடக்கூடும். துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றவர் பட்டையைக் கவிழ்க்க, ஒரு தடவைக்கு ஒரு பட்டை என்று இறைத்த காலத்தில் கிணறு மூச்சுவிட நேரம் இருந்தது. ஊற்று ஊறும் வேகத்தை விஞ்சி மனித உடலால் இறைக்க இயலாது. நீர்ப்பம்பி அந்தத் தடையை நீக்கியது. ஒரு முகாமுக்கான குளிப்பும் சமையலும் துவைப்பும் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றின்மேல் விழுந்தால், சில கோடைகளில் அது நாவுக்கே தெரியும் அளவுக்கு உவரேறும். பிறகு படையினர் குடிநீரைப் படகில் ஏற்றிவர வேண்டியிருக்கும். ஊர்ப் பெண்கள் குடத்துடன் இன்னொரு கிணறு தேட வேண்டியிருக்கும். தீவுகளில் குடிநீருக்கான இத்தேட்டம் போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை என்பதை அங்கு வாழ்வோர் அறிவர்.

காவலரண் என்று தமிழ் எழுத்திலும் ‘பங்கர்’ என்று எல்லோருடைய வாயிலும் வழங்கிய பதுங்குகுழியே சிப்பாயின் வீடாக இருந்தது. குடாநாட்டிலும் தீவகத்திலும் அதன் கூரைக்குப் பனங்குற்றியே பயன்பட்டது. முற்றிய பனையின் வைரம் எறிகணைச் சிதறலைத் தாங்கும் என்பதால் காய்த்துக்கொண்டிருந்த மரங்களும் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. ஒரு பனை முதிர்வதற்கு ஒரு தலைமுறை தேவைப்படும் நிலத்தில் இந்த இழப்பு தனியே ஓர் உரைக்குரிய பொருள். குற்றிகளுக்கு மேலே மணல்மூட்டை, மூட்டைக்கு மேலே மணல், உள்ளே ஓர் ஆள் குனிந்து நிற்கும் உயரம், கடலைப் பார்த்த ஒரு சாளரம் என்று அமைந்த அக்குழியில், மாரியில் முழங்கால் அளவு நீர் தேங்கும், கோடையில் காற்று நின்றுவிடும். ஈரச் சப்பாத்துக்குள் நாள் முழுவதும் கிடந்த காலின் விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வரும்; உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்த இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை பரவும். யாழ்ப்பாணத்தின் மணற்பாங்கான கரையோரங்களில் காணப்படும் சுருட்டை விரியன், ஒரு சாண் இரு சாண் நீளமே உள்ள பாம்பு, மூட்டைகளுக்கிடையே சுருண்டு கிடக்கும். அதன் நஞ்சு குருதியை உறையவிடாமல் செய்வது. இவற்றில் எதுவும் வீரச்சாவுப் பட்டியலிலோ பதக்கப் பட்டியலிலோ இடம்பெறுவதற்குரியதன்று. ஆனால் ‘சென்றி’ எனப்பட்ட காவற்பணியில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கண் எரிய இருட்டுக் கடலைப் பார்த்து நின்ற பத்தொன்பது வயது இளைஞனுக்குப் போர் என்பது இவையே.

நீராலும் நுளம்பாலும் பரவும் நோய்களுக்கு யாழ்ப்பாணத் தமிழில் உள்ள பெயர்கள் நோயாளியின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. வாரக்கணக்கில் தணியாது எரிக்கும் குடற்காய்ச்சலை நெருப்புக் காய்ச்சல் என்றும், கண்ணும் சிறுநீரும் நிறம் மாறும் ஈரல் அழற்சியைச் செங்கமாரி என்றும், ஒன்றுவிட்ட ஒரு நாள் முறைவைத்து வரும் மலேரியாவை முறைக்காய்ச்சல் என்றும் ஊர் வழங்கியது. இச்சொல்வழக்கை மேலை மருத்துவத்தோடு இணைக்க முயன்றவர், 1847இல் அமெரிக்க மிசனரி மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் முதலில் தமிழாக்கிய உடற்கூற்று நூல் கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதியது. அதே கட்டர், 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் 21ஆம் காலாட்படை அணியின் மருத்துவராகக் களம் சென்றார். அவருடன் தாதியாகச் சென்ற மகள் கரி, 1862 மார்ச்சில், ஏறத்தாழ பத்தொன்பது வயதில், நோயாளிகளிடமிருந்து தொற்றிய காய்ச்சலால் வட கரோலினாக் கரையோரத்தில் இறந்தார். கிறீன் தாயகம் சென்று மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பியதும் அந்த 1862ஆம் ஆண்டில்தான். திரும்பிய ஐந்தாண்டுகளில், அறுவை மருத்துவ நூலொன்று ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. மானிப்பாய் மாணவன் உடலின் உறுப்புகளைத் தமிழில் கற்ற நூலின் மூல ஆசிரியர், உள்நாட்டுப் போரொன்றின் நோய்க்களத்தில் தம் மகளைப் பறிகொடுத்தவர் என்பது யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி.

அந்த அமெரிக்கப் போரும் படைவீரர் நோய் பற்றிய ஆய்வுக்கு அடிப்படைத் தரவுகளை வழங்கியது. நெடுங்காலம் வழங்கிவந்த கணக்கின்படி அதில் இறந்த ஏறத்தாழ 6,20,000 படையினருள் மூன்றில் இரு பங்கினர் குண்டுக்கு அல்லாமல் வயிற்றோட்டம், குடற்காய்ச்சல், நிமோனியா முதலிய நோய்களுக்கே இரையாகினர். கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது; கழிப்பிடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தை அளந்து பேணியவர் சிலரே. நூற்று முப்பது ஆண்டுகளின் பின் நடந்த இலங்கைப் போரில் நுண்ணுயிர்க்கொல்லிகளும் நாளவழிச் செலுத்தும் நீரும் வானூர்தியில் நோயாளரைக் கொண்டுசெல்லும் வசதியும் இருந்தமையால், அரச படையினரிடையே நோயால் இறப்போர் அருகினர். நோயுறுவோர் அருகவில்லை.

மலேரியாவின் கதை இவ்விடத்தில் விரித்துச் சொல்லத்தக்கது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட கொள்ளைநோயாகத் தாக்கிய மலேரியா, டிடிடி தெளிப்பின் பயனாக 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற அளவுக்கு ஒடுங்கியது. அந்த வெற்றியில் கண்காணிப்புத் தளர, 1960களின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிக்கொண்டு மீண்டது. போர்க்காலத்தில் அதன் முக்கிய களம் வடக்கும் கிழக்குமே. 1999இல் நாட்டில் பதிவான நோயாளர் 2,64,549 பேர். ஆற்றுப்படுகைக் குட்டைகளில் பெருகும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பே நாட்டின் முதன்மை நோய்காவி; ஆறுகள் அற்ற யாழ்ப்பாணக் கரையோரத்திலோ உவர்கலந்த நீரிலும் முட்டையிட்டு வாழும் அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்னும் இனத்துக்கு வாய்ப்பு மிகுதி. இடம்பெயர்ந்தோரின் வளவுகளில் இறைப்பாரின்றிக் கிடந்த கிணறுகளும், பதுங்குகுழிகளில் தேங்கிய மழைநீரும், எறிகணைப் பள்ளங்களும் இத்தகைய நுளம்புகளுக்கு உகந்த இடங்களாயின. வீட்டுக்காரர் இருந்த காலத்தில் நாள்தோறும் துலாவும் வாளியும் கலக்கிய நீர், அவர் போன பின் அசையாது நின்றது.

இலங்கையில் மிகுதியாகக் காணப்பட்ட மலேரியா வகையை உண்டாக்கும் விவக்ஸ் ஒட்டுண்ணி, உடலுக்குள் புகுந்தவுடன் முழுவதும் குருதிக்கு வருவதில்லை. ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து எழும். நுளம்புக்கடி ஓரிடத்திலும் காய்ச்சல் வேறோரிடத்திலுமாக அமைவதற்கு இந்த உறங்குநிலையே காரணம். குருதியிலுள்ள ஒட்டுண்ணியைக் குளோரோகுயின் குளிசை மூன்று நாளில் தீர்த்துவிடும். கல்லீரலில் உறங்குவதைத் தீர்ப்பதற்குப் பிறைமாகுயின் குளிசையைப் பதினான்கு நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். காவல்முறையும் இடமாற்றமும் விடுப்பும் குறுக்கிடும் வாழ்வில் பதினான்கு நாள் ஒழுங்கு எளிதன்று. முதல்நாள் பற்கள் கிட்டும் அளவுக்குக் குளிர்ந்து நடுங்கி, பிறகு அனலாய் எரிந்து, வியர்த்து ஓய்ந்த சிப்பாய் மறுநாள் எழுந்து நடமாடுவான். நலம் பெற்றுவிட்டான் என்று அவனும் எண்ணுவான், மேலதிகாரியும் எண்ணுவார், மூன்றாம் நாள் அதே நேரத்தில் நடுக்கம் திரும்ப வரும். விடுப்பு கிடைத்துக் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலை வழியே ஊர் சென்றவன், பெற்றோருக்கான பொருள்களோடு கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியையும் கொண்டுசென்றான். அனுராதபுரத்திலோ மொனராகலையிலோ உள்ள வயல்கரை வீட்டில் அது விழித்தெழுந்தால், அங்குள்ள நுளம்பு அதனை அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொண்டுசேர்க்கும்.

இயக்கத்துப் போராளியின் நிலை இதனினும் கடினமானது. 1990 முதல் எரிபொருள், பற்றரி, உரம், பல மருந்துப் பொருள்கள் ஆகியவை குடாநாட்டுக்கும் வன்னிக்கும் செல்வதை அரசு கட்டுப்படுத்தியிருந்த காலத்தில், அவனும் அவனைச் சூழ்ந்த மக்களும் ஒரே பற்றாக்குறையைப் பகிர்ந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெருந்திரளாக வெளியேறி, பின்னர் வன்னிக்குப் பெயர்ந்தவர்களுள் தீவகத்திலிருந்து முன்னரே இடம்பெயர்ந்தவர்களும் இருந்தனர். கடற்காற்றில் வளர்ந்த அவர்களைக் காட்டோரக் கொட்டில்களில் மலேரியா கடுமையாக வருத்தியது. அவர்களுக்கு விடுப்பும் இல்லை, நோயாளரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் வானூர்தியும் இல்லை.

இவ்வளவு பகைக்கு நடுவே நடந்த ஒன்று நன்றியோடு நினைக்கத்தக்கது. மலேரியா தடை இயக்கத்தின் களப்பணியாளர்கள் போர்க்காலம் முழுவதும் இருபுறத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் பணியைக் கைவிடவில்லை. பூச்சிகொல்லியும் குளிசையும் குருதிப் பரிசோதனைக்கான பொருள்களும் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு போர்முனையைக் கடந்து சென்றன. இருதரப்புப் படைகளையும் ஒரே காய்ச்சல் வருத்தியமையால் அதனை எதிர்த்த பணிக்கு எந்தத் தரப்பும் பெருந்தடை போடவில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, தெளிப்பானைத் தோளில் சுமந்து நடந்த அந்தப் பணியாளர்களுக்குப் போர் வரலாற்று நூல்கள் இன்னும் உரிய பக்கங்களை ஒதுக்கவில்லை. மலேரியா நோயாளர் தொகை ஒடுங்க ஒடுங்க, எஞ்சியவர்களுள் வளர்ந்த ஆண்களே பெரும்பான்மையராயினர். அவர்களுள்ளும் வடக்கிலும் கிழக்கிலும் பணியாற்றிய படையினர் கணிசமானோர். ஆகவே நாடு மலேரியாவிலிருந்து விடுபட வேண்டுமாயின் சிப்பாயின் குருதியைத் தேடிச் சென்று பரிசோதிக்க வேண்டியதாயிற்று. அவன் பதினான்கு நாள் குளிசையை விழுங்குகிறானா என்று பார்க்க வேண்டியதாயிற்று. உள்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மலேரியா ஒழிந்தும் படைவீரரிடம் தங்கிய வேறொரு நோயும் உண்டு. மணல் ஈ என்னும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் தோலில் வலியற்ற ஆறாப்புண்ணை உண்டாக்கும் லீஷ்மேனியா நோய், உள்நாட்டில் தொற்றியதாக 1992இல் இலங்கையில் முதன்முதல் பதிவாகி, 2000க்குப் பின் வடபகுதிக் காடுகளில் பணியாற்றிய சிப்பாய்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. 2008இல் அது அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மனத்தின் நோய் பற்றிப் பேசுகையில் எண்கள் எதிர்பாராத ஒன்றைக் காட்டுகின்றன. அச்சமூட்டிய நிகழ்வு மீண்டும் மீண்டும் நினைவிலும் கனவிலும் எழுந்து உடலைப் பதறச் செய்யும் நிலையை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பர். இலங்கைக் கடற்படையின் சிறப்புப் படகு அணியினரையும் வழமையான அணியினரையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு, இரு பிரிவிலும் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடமே அந்நோயைக் கண்டது. போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டப் பொதுமக்களிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வோ 7 விழுக்காட்டினரிடம் அந்நோயையும், 22 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வையும், ஏறத்தாழ மூன்றிலொருவரிடம் பதகளிப்பையும் கண்டது. இரண்டும் வெவ்வேறு முறையில் செய்யப்பட்டவையாகையால் எண்களை நேராக நிறுத்தி ஒப்பிடுவது பொருந்தாது. சிப்பாய் தன் மனநோயை மேலதிகாரிக்கு மறைத்திருக்கவும் கூடும். எனினும் திசை தெளிவானது. சிப்பாய்க்குச் சம்பளமும் ஆயுதமும் தோழர் குழாமும் திரும்பிச் செல்ல ஊரும் இருந்தன. மக்களுக்கு இவற்றுள் எதுவும் இருக்கவில்லை, ஊரே போர்க்களமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் நெடுக மருத்துவம் பார்த்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் மனவடுவிலிருந்து தொடங்கி, குடும்பமும் ஊரும் சேர்ந்து சிதைவதைக் கூட்டு மனவடு என்று விளக்கும் வரை தம் எழுத்தை விரித்ததற்கு இந்த அனுபவமே அடிப்படை. யாழ்ப்பாணத்து நோயாளி மனம் நொந்தது என்று சொல்லி வருவதில்லை. நெஞ்சு இடிக்கிறது, தலை பாரமாகக் கிடக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது என்றே வருகிறார்.

கடல் சூழ்ந்த ஊரில் நோய் என்பது படகைப் பற்றிய கேள்வியுமாகும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை, பிரித்தானியர் காலத்தில் சிறையாகவும் தொற்றுநோயாளரைத் தனிமைப்படுத்தும் மருத்துவமனையாகவும் இருந்து, பின்னர் கடற்படையின் கைக்குச் சென்றது. நோயாளியைக் கரையிலிருந்து விலக்கி வைப்பதற்கு உகந்த இடமென்று ஒரு காலத்தில் கருதப்பட்ட அதே கடல், போர்க்காலத்தில் நோயாளியைக் கரைசேர விடாது தடுத்தது. இரவில் கடல் மூடப்பட்டிருக்க, பேறுகாலப் பெண்ணோ பாம்பு கடித்தவரோ ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்வது படை அனுமதியைப் பொறுத்திருந்தது. சில வேளைகளில் கடற்படைப் படகே நோயாளியை ஏற்றிச் சென்றது. அவ்வாறு உயிர் தப்பியவர்கள் அதனை மறைப்பதில்லை. ஆனால் தன் ஊரின் கடலைக் கடப்பதற்கு ஒருவர் வெளியாரிடம் அனுமதி கேட்டு விடியும் வரை காத்திருக்க வேண்டி வந்ததே அந்த நோயின் பெரும்பகுதி.

மலேரியா அற்ற நாடாக இலங்கை அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 2016ஆம் ஆண்டின் இறுதியில், மன்னாரில், அதுவரை இலங்கையில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு கண்டறியப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இவ்வினம் நீர்த்தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகுவது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களைக் கிணறுகளில் விடுவது அதற்கு எதிரான வழிகளுள் ஒன்று. எழுவைதீவிலும் அனலைதீவிலும் புங்குடுதீவிலும், இலண்டனிலும் பாரிசிலும் ரொரன்ரோவிலும் வாழும் உரிமையாளரின் வளவுகளுக்குள், நாயுருவியும் காட்டாமணக்கும் மூடிய கட்டுக்குள், துலாக் கால் முறிந்த பழைய கிணறுகள் இன்னும் நீரோடு நிற்கின்றன. படலையைத் திறந்து உள்ளே சென்று, கிணற்றுக்கட்டின்மேல் குனிந்து பார்த்து, நான்கு மீன்களை விட்டுவர ஒருவர் வேண்டியிருக்கிறது.